வளர்கிற பிள்ளைக்கு என்று பெரிய வில் வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவும் அதனோடு சேர்ந்த வில்வித்தைப் போட்டியும் நடந்து முடிந்ததும், எங்கள் நாமக்கல் மாவட்டத்துப் பெற்றோர்களிடையே ஒரு கேள்வி தவறாமல் எழுவதைக் கவனித்து வருகிறேன். பிள்ளையை வில்வித்தையில் சேர்க்கப் போகிறோம், எந்த வில்லை வாங்குவது என்பதே அந்தக் கேள்வி. பள்ளியொன்றில் கணித ஆசிரியையாகப் பணிபுரியும் நானும் இதே கேள்வியோடுதான் தொடங்கினேன். தவறான விடை கிடைத்தது. அதன் வலியை என் மகளின் தோள் சுமந்தது. எந்த வில்லை வாங்குவது என்பதற்கு முன்னால், எவ்வளவு இலேசான வில்லில் தொடங்குவது, அதை யாரிடமிருந்து இரவல் பெறுவது என்ற இரண்டையும் கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. இனித் தொடங்கப் போகிறவர்களுக்கு அது முன்னாலேயே தெரிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2024 ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில் ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் பகுதியைச் சேர்ந்த ஷீத்தல் தேவி, ராகேஷ் குமாருடன் இணைந்து கலப்பு இரட்டையர் பிரிவில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 17. பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத அந்தப் பெண், காலால் வில்லைப் பிடித்து நிமிர்த்தி, தோளால் நாணை இழுத்து, தாடையின் அசைவால் அம்பை விடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த என் மகள் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. மறுநாள் காலையில் அவள் கேட்டது வில். அடுத்த மாதமே ஒரு தனியார் பயிற்சி வகுப்பில் அவளைச் சேர்த்தோம்.

அந்த வகுப்பில் முதல் வாரமே, சொந்த வில் இல்லாமல் முன்னேற முடியாது என்றார்கள். எங்களுக்குக் காட்டப்பட்ட வில்லில் 34 பவுண்டு என்று எழுதியிருந்தது. இது சின்னப் பெண்ணுக்கு அதிகமில்லையா என்று என் கணவர் கேட்டதற்கு, ‘வளர்கிற பிள்ளைதானே சார், இப்போது சின்னதாக வாங்கினால் ஆறு மாதத்தில் மறுபடியும் வாங்க வேண்டியிருக்கும்’ என்று பதில் வந்தது. எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாகத் தைப்பதும், செருப்பை ஒரு விரல் இடம் விட்டு வாங்குவதும் நம் வீடுகளில் வழக்கம்தானே. தொளதொளத்த சட்டையால் பிள்ளைக்குக் கெடுதல் ஒன்றும் வந்துவிடுவதில்லை. வில் அப்படிப்பட்டதன்று, அளவுக்கு மீறிய வில், அதைப் பிடித்த உடம்பைத் தன் போக்குக்கு வளைத்துவிடும்.

பவுண்டு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பணம் கட்டும் வரை எங்களுக்கே அது தெரியாது. அது வில்லின் எடையன்று. நாணை முழுமையாக இழுத்து நிறுத்தும்போது விரல்கள் தாங்க வேண்டிய விசை. வழக்கமாக அதை 28 அங்குலம் இழுத்த நிலையில் அளந்து வில்லில் எழுதுகிறார்கள். கை குட்டையானவர் அவ்வளவு தூரம் இழுக்க மாட்டார் என்பதால், குறைகிற ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய 2 பவுண்டு குறையும். என் மகள் அப்போது இழுக்கக்கூடிய நீளம் 25 அங்குலம். ஆகவே 34 பவுண்டு வில் அவள் விரல்களில் ஏறத்தாழ 28 பவுண்டாக, அதாவது 12.7 கிலோவாக இருந்தது. தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்றை மூன்று விரல்களின் நுனியில் தொங்கவிட்டு, அசையாமல் குறி பார் என்று பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் சொன்னதற்கு ஒப்பானது அது. ஒரு மாலையில் 60 அம்பு எய்தால், அந்தச் சிறு தோளின் வழியே சென்ற மொத்தச் சுமை 762 கிலோ, முக்கால் டன்னுக்கும் மேல். வகுப்பறையில் எத்தனையோ பெருக்கல் கணக்குகளைப் போட வைக்கும் நான், இந்த ஒரு கணக்கை வில் வாங்கும் முன் போட்டுப் பார்க்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் வேதனைப்படுகிறது.

அளவுக்கு மீறிய வில் பிள்ளையின் கையில் இருப்பதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை, பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும். நாணை இழுப்பதற்காக வில்லை வானத்தை நோக்கித் தூக்குவார்கள். இடுப்புக்கு மேலே உடம்பு பின்னால் சாயும். வில்லைப் பிடித்த தோள் காதை நோக்கி எழும்பும். நாண் முகத்துக்கு வந்து சேர வேண்டியதற்கு மாறாக, முகம் நாணைத் தேடி முன்னால் போகும். என் மகளின் நாண் கை ஒரு நாளும் தாடையைத் தொட்டதில்லை. வாய்க்கு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்று, நடுங்கி, விட்டுவிடும். வில்லைக் கீழே விழாமல் இறுக்கிப் பிடித்ததால் முழங்கை உட்பக்கம் திரும்பி, விடுபட்ட நாண் முன்கையில் சாட்டையைப் போல் அடித்து, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே ஊதா நிறத்தில் கன்றிப் போயிருந்தது. முழுக்கைச் சட்டையால் அதை அவள் மறைத்திருந்தாள். வில்லை எடுத்துக்கொண்டு விடுவோமோ என்று பயந்தாளாம். மூன்றாம் மாதம் தலை வார இடக்கையைத் தூக்க முடியாமல் அவள் அழுத அன்றுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் வீங்கியிருப்பதாகவும், ஆறு வாரம் வில்லைத் தொடக் கூடாது என்றும் மருத்துவர் சொன்னார்.

அந்த ஆறு வாரத்தில்தான், கல்லூரிக் காலத்தில் மூங்கில் வில்லில் போட்டியிட்டவரும் இப்போது ஓய்வு பெற்றவருமான உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் எங்கள் பகுதியிலேயே வசிப்பது தெரிந்து அவரைப் போய்ப் பார்த்தோம். அவர் வில்லைப் பார்க்கவே விரும்பவில்லை. மகளை முற்றத்தில் நிறுத்தி, இரு கைகளையும் முன்னால் நீட்டி, இரு உள்ளங்கைகளுக்கும் இடையே ஒரு காசளவு துளை மட்டும் விட்டு, அதன் வழியே எதிர் வீட்டு மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொன்னார். இரு கண்களும் திறந்தே இருக்க வேண்டும், தொட்டி மறையவே கூடாது, கைகளை மெல்ல முகத்துக்குக் கொண்டு வா என்றார். கைகள் நேராக அவளுடைய இடது கண்ணுக்கு வந்து நின்றன. மூன்று முறை செய்யச் சொன்னார். மூன்று முறையும் இடது கண்தான். ‘டீச்சர், பாப்பா எழுதுவது வலது கை, குறி பார்ப்பது இடது கண். இத்தனை நாளும் அம்பெல்லாம் இடப்பக்கமாகவே போயிருக்குமே?’ என்றார். அப்படியேதான் போயிருந்தது. கவனம் போதவில்லை என்று வகுப்பில் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குக் காரணம் எளிமையான வடிவியல். வலக்கையால் நாணை இழுப்பவருக்கு அம்பின் பின்முனை வலக்கண்ணுக்கு நேர் கீழே இருக்கிறது. அவர் இடக்கண்ணால் குறி பார்த்தால், பார்வைக் கோடும் அம்பின் கோடும் இணையாகச் செல்லாமல் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். அம்பு மையத்துக்கு இடப்புறமே போய்ச் சேரும். எத்தனை நாள் பழகினாலும் எவ்வளவு திட்டினாலும் இது மாறாது. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு எய்யலாம், கண்ணாடியில் மறைப்பு ஒட்டிக்கொண்டும் எய்யலாம். பலர் அப்படியும் எய்கிறார்கள். ஆனால் இப்போதுதான் தொடங்கும் சிறு பிள்ளைக்குக் கண் சொல்கிற பக்கமே வில்லைப் பழக்கிவிடுவது நல்லது என்பது அவர் கருத்து. அதற்கு வலக்கையில் வில்லைப் பிடித்து இடக்கையால் நாணை இழுக்க வேண்டும். வில்லின் நடுப்பகுதி அம்பு செல்வதற்காக ஒரு பக்கம் குடையப்பட்டிருப்பதால் ஒரு கைக்குரிய வில் மறு கைக்கு உதவாது. நாங்கள் பணம் கொடுத்து வாங்கியது, கனத்திலும் கையிலும் ஒருசேரத் தவறான வில்.

இரண்டாவது சோதனை, இழுக்கும் நீளம். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5 ஆல் வகுத்தால் தோராயமான நீளம் கிடைக்கும். மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. யாரிடமோ கேட்டு வாங்கி வந்த 16 பவுண்டு மர வில் ஒன்றைக் கொடுத்து, அம்பு தொடுக்காமல் இழுத்து, நாணை முகவாயில் பதித்துப் பத்து விநாடி நிறுத்திவிட்டு, நாணை விட்டுவிடாமல் மெல்லத் தளர்த்தி இறக்கச் சொன்னார். தோள் எழும்பாமலும் கை நடுங்காமலும் இதை ஐந்து முறை செய்ய முடிந்தால்தான் அது அவளுடைய வில். மகள் செய்து முடித்தாள். அன்று முதல் முறையாக நாண் அவளுடைய மூக்கு நுனியையும் முகவாயையும் ஒரே நேரத்தில் தொட்டதை, இரண்டடி தள்ளி நின்று நான் பார்த்தேன். நாண் அழுத்திய இடத்தில் முகவாயின் நடுவே மெல்லிய கோடு ஒன்று சற்று நேரம் சிவந்திருந்து மறைந்தது.

அந்தக் கோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பழகும் இத்தகைய வில்லுக்குப் பின்பக்கக் குறி என்று ஒன்று கிடையாது. துப்பாக்கியில் இரண்டு முனையிலும் குறி இருப்பதுபோல வில்லில் இல்லை. எய்பவரின் முகமே பின்பக்கக் குறி. ஒவ்வோர் அம்புக்கும் நாண் முகத்தில் அதே இடத்தில் பதிந்தால்தான் அம்புகள் ஒரே இடத்தில் சேரும். தொடங்குகிறவர் முதல் சில மாதங்களில் கற்க வேண்டிய பாடத்தில் பெரும்பகுதி இதுதான். கை நடுங்கும் அளவுக்குக் கனமான வில்லில் இதைக் கற்கவே முடியாது, ஏனென்றால் அந்த இடத்துக்கு நாண் வந்தே சேராது. இழுத்த பிறகு பாரத்தைக் கையிலிருந்து முதுகுக்கு மாற்ற வேண்டும் என்பார்கள். தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி மெல்ல நகர்வதை உணர வேண்டும். கையின் முழு பலத்தையும் செலவழித்து இழுத்தவருக்கு முதுகை உணர ஏது நேரம்? இலேசான வில் சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உடம்பு தன்னைத் தானே கவனிக்க இடம் கொடுக்கும் ஒரே வில் அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இந்த மனத்தடைக்கு நம் கதைகளும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சீதையின் சுயம்வரத்தில் அரசர் பலராலும் நாணேற்ற முடியாத வில்லைத்தான் நாம் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். எங்கள் மலைக்குரிய ஓரியின் பெயருக்கு முன்னாலேயே ‘வல்வில்’ என்ற அடை நிற்கிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் அவனுடைய ஒரே அம்பு ஊடுருவியதாகச் சங்கப் பாடல் பாடுகிறது. அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் கொல்லியின் தலைவனும் ஒரு நாள் சிறுவனாக இருந்திருப்பான், அவன் கையில் முதலில் கொடுக்கப்பட்டது வல்வில்லாக இருந்திருக்க முடியாது. இக்காலத்துக்கு வந்தால், ராஞ்சிக்கு அருகிலுள்ள ஊரில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி, மாங்காயைக் கல்லால் குறி பார்த்து வீழ்த்தியும் வீட்டிலேயே செய்த மூங்கில் வில்லில் பழகியும்தான் இக்கலைக்குள் வந்தார். 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 16. விலையுயர்ந்த வில் அவர் கைக்கு வந்தது, பயிற்சிக் கழகத்தில் சேர்ந்த பிறகு.

எங்கள் மகளின் இரண்டாவது தொடக்கம், இலக்குத் தாளே இல்லாமல் ஐந்து மீட்டர் தூரத்தில் நடந்தது. அடர்ந்த நுரைப்பலகை ஒன்றின் முன் நின்று, கண்ணை மூடிக்கொண்டு எய்ய வேண்டும். எங்கே பட்டது என்று பார்க்கவே கூடாது. நாண் முகத்தில் எங்கே பட்டது, விரல்கள் நாணை விட்ட பிறகு கை எங்கே போய் நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். இதில் மூன்று வாரம் சென்றது. முதல் வகுப்பில் மூன்றாம் நாளே 20 மீட்டரில் நிறுத்தியிருந்தார்கள், அது பெற்றோர்களுக்கு முன்னேற்றமாகத் தெரிந்தது. இப்போது நாங்கள் அவசரப்படவில்லை. பிறகு பத்து மீட்டரில் 122 சென்டிமீட்டர் அகலமுள்ள வண்ண இலக்கை வைத்தார். ஒலிம்பிக்கில் 70 மீட்டருக்கு வைப்பதும் இதே அளவு இலக்குதான். நடுவில் பத்துப் புள்ளி தரும் மஞ்சள் வட்டம் 12.2 சென்டிமீட்டர், சிற்றுண்டித் தட்டில் வைக்கும் சிறு தோசை அளவு. அந்த வட்டத்தை 70 மீட்டரிலிருந்து கற்பனை செய்து பார்த்த பிறகு, பத்து மீட்டரில் நிற்பதை எவரும் அவமானமாக நினைக்க மாட்டார்கள்.

அம்பு இலக்கின் விளிம்பிலுள்ள வெள்ளை வட்டத்தில் பட்டாலோ வெளியே போனாலோ பிள்ளைகள் கூனிக் குறுகிப் போகிறார்கள். அப்படியொரு நாளில் அந்த ஆசிரியர் அவளுக்குச் சொன்னது இது. பாரிஸ் ஒலிம்பிக்கில், அங்கே மூன்று தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் வூ ஜின்னை எதிர்த்து நின்ற சாட் நாட்டு வீரர் இஸ்ரேல் மதாயே, தாமாகவே வில் பழகியவர். அந்த ஆட்டத்தில் அவருடைய ஓர் அம்பு ஒற்றைப் புள்ளி வளையத்தில் போய்த் தைத்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்க அவர் அடுத்த அம்பை எடுத்துத் தொடுத்தார். என் மகள் இதைக் கேட்டுவிட்டு எதுவும் பேசாமல் தன் அம்புகளைப் பிடுங்கிவரப் போனாள்.

பெரிதாக வாங்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது என்றால் அது அம்பு. தொடங்குகிறவரின் இழுக்கும் நீளம் முதல் ஆண்டில் நிலையாக இருக்காது, பிள்ளைகளுக்குக் கையும் வளரும். ஆகவே அம்பு குறைந்தது இரண்டு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். குட்டையான அம்பைக் கூடுதலாக இழுத்துவிட்டால் அதன் முனை, வில்லில் அம்பு அமரும் தாங்கியிலிருந்து நழுவி, விடும்போது வில் பிடித்த கையையே தைத்துவிடக்கூடும். வளர்கிற பிள்ளை என்ற நம் வீட்டுக் கணக்கு இங்கே மட்டும் முற்றிலும் பொருந்துகிறது. மேலும், அம்பின் விறைப்பு வில்லின் பவுண்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கனமான வில்லுக்கு வெட்டிய விறைப்பான அம்பை இலேசான வில்லில் எய்தால் அது ஒருபக்கமாகவே விலகிப் போகும். கார்பன் அம்பு என்றால் ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் மெல்ல வளைத்துப் பார்த்து விரிசல் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். முன்கைக் காப்பும், நாண் இழுக்கும் விரல்களைக் காக்கும் தோல்பட்டையும் இல்லாமல் ஓர் அம்பும் எய்யக் கூடாது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடக் கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி, அதன் இறக்கைகளை, அதாவது வளைகிற மேல், கீழ்ப் பகுதிகளைப் பிளந்துவிடும், சிதறும் துண்டு முகத்தில் படும். வீட்டுக்கு வரும் விருந்தினர் வில்லைக் கையில் எடுத்ததும் முதலில் செய்வது இதைத்தான் என்பதால், வில்லை நாண் கழற்றி உள்ளே வைத்துவிடுவது நல்லது. அடுத்தது, மொட்டை மாடியிலோ வீட்டுக்குப் பின்னுள்ள காலி மனையிலோ பழகுவது. 20 பவுண்டு வில்லிலிருந்து கிளம்பும் அம்புகூட நூறு மீட்டருக்கு மேல் பறக்க வல்லது. இலக்குப் பலகையைத் தவறவிட்ட அம்பு எங்கே போய் நிற்கும் என்பது எய்தவருக்கே தெரியாது. பயிற்சித் திடலில் விசில் ஒலிக்குக் கட்டுப்படுவது தெய்வ வாக்குக்குக் கட்டுப்படுவதைப் போன்றது: இரண்டு முறை ஊதினால் கோட்டுக்குப் போகலாம், ஒரு முறை ஊதினால் எய்யலாம், மூன்று முறை ஊதினால்தான் அம்பெடுக்க நடக்கலாம், தொடர்ந்து ஊதினால் நாணிலிருக்கும் அம்பைக்கூட இறக்கிவிட வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

ஷீத்தல் தேவி எய்யும் வில்லைப் போன்ற, கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்தான் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு ஒரு சொல். அந்த வில்லை முழுமையாக இழுத்த பின் கப்பிகள் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். இழுத்து முடிக்கும் வரையுள்ள பாரத்தைத் தோள்தான் தாங்க வேண்டும். மூங்கில் வில்லில் இந்தியச் சுற்று என்று தேசிய அளவில் தனிப் பிரிவே இருக்கிறது. ஒலிம்பிக்கில் இதுவரை இடம்பெற்று வருவது, கப்பிகள் இல்லாமல் நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் சேர்கிறது. எந்தப் பிரிவுக்குப் போவது என்பதை ஓராண்டு கழித்து நிதானமாக முடிவு செய்யலாம். முதல் வில் எதுவாயினும் இலேசாக இருக்கட்டும்: வளர்ந்தவர்களுக்கு 18 முதல் 24 பவுண்டு வரை, பிள்ளைகளுக்கு 10 முதல் 16 வரை என்பதே அந்த ஆசிரியர் கைக்கொள்ளும் அளவு.

இங்கேதான் இரவல் வில்லின் தேவை வருகிறது. ஒழுங்காகப் பழகும் பிள்ளை சில மாதங்களுக்கு ஒரு முறை இரண்டிரண்டு பவுண்டாக ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு படிக்கும் ஒரு வில் வாங்க எந்த நடுத்தரக் குடும்பத்தாலும் முடியாது. அதனால்தான் ஒரேயடியாகக் கனமான வில்லை வாங்கிவிடும் ஆசை எழுகிறது, அந்த ஆசையை வைத்தே விற்பனையும் நடக்கிறது. ஆனால் நடுப்பகுதி தனியாகவும் மேல், கீழ் இறக்கைகள் தனியாகவும் கழன்று வரும் வில்களில், பவுண்டை ஏற்ற இறக்கைகளை மட்டும் மாற்றினால் போதும். ஒரு மாவட்ட விளையாட்டரங்கில் இடக்கைக்கும் வலக்கைக்குமாக ஆறேழு நடுப்பகுதிகளும், 12 பவுண்டு முதல் 24 பவுண்டு வரை இரண்டிரண்டு பவுண்டு இடைவெளியில் இறக்கைகளும் இருந்தால், நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பதுபோல் பிள்ளைகள் தங்களுக்குரியதை எடுத்துப் பழகி, வளர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் தாண்டிப் போன இறக்கை அடுத்தவருக்கு முதல் இறக்கையாகும். போட்டித் தரமான முழுத் தொகுதி லட்சங்களைத் தொடும் விளையாட்டில், தொடக்க நிலையை ஏழைப் பிள்ளைக்கும் திறந்துவிடக் கூடியது இது ஒன்றே என நம்புகிறேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் எல்லா மாவட்ட அரங்குகளுக்கும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் இப்போது 20 பவுண்டு இடக்கை வில்லில், 18 மீட்டரில் எய்கிறாள். அதுவும் இரவல் வில்தான். 34 பவுண்டு வில் எங்கள் வீட்டுப் பரண் மேல் உறையோடு கிடக்கிறது. அதை வேறொரு பிள்ளைக்கு விற்க எனக்கு மனம் வரவில்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கு இன்னும் ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த ஆடியில் கொல்லிமலையில் விழா நடக்கும்போது, போட்டித் திடலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பந்தல் போட்டு, 12 பவுண்டில் இரண்டும் 16 பவுண்டில் இரண்டுமாக நான்கு வில்களை வைத்து, வருகிற பிள்ளைகளின் கண்ணையும் கை நீளத்தையும் அளந்து சொல்ல ஒருவரை அமர்த்தினால் போதும். அந்த நான்கில் பாதி இடக்கைக்குரியவையாக இருக்கட்டும். பந்தலில் நிற்க ஆள் கிடைக்கவில்லை என்றால், என் மகளும் நானும் அளவு நாடாவோடு இரண்டு நாளும் வரத் தயாராக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகியான கணித ஆசிரியை ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்.